பம்பு மேடையில் நீங்கள் கொத்திய கேள்வி

பாய்,

விரல் நுனியில் இன்னும் சிமென்ட் வாசனை இருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், போகவில்லை. பேனாவைப் பிடித்தால் தாளிலும் அது ஏறிக்கொள்கிறது. நீங்களும் நானும் எத்தனை ஊரில் எத்தனை மூட்டை குழைத்திருப்போம்! அந்த வாசனை மூக்கில் இருக்கும்போதே உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் எழுதுவேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்துவிடுகிறது. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உங்களுக்கு அவசரம் இருக்காது.

ஆமாம் பாய், எழுதுகிறேன். நானேதான், எழுபத்து மூன்று வயதில். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். பன்னிரண்டு பெண்களோடு நான் ஒருத்தன் மட்டும் ஆம்பளை. வெட்கப்படாமல் போனேன். எட்டு மாதத்தில் பஸ் போர்டு படித்தேன். பிறகு லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பது, கோழித் தீவன மூட்டை, சோப்பு உறை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி என்று எதையும் விடுவதில்லை. சந்தோஷத்தில் ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் சும்மா நின்று சுற்றிச் சுற்றிப் படித்திருக்கிறேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் நடந்த வழியெல்லாம் இத்தனை நாளும் இவையெல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. சுற்றிலும் ஆள் நின்று பேச, நடுவில் நான் மட்டும் காது கேட்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனால் சந்தோஷத்துக்காக மட்டும் நான் எழுத்துக் கற்கவில்லை. கருங்காட்டுப்புதூர் பம்பு மேடையில் என் கையால் என்ன எழுதினேன் என்று தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று இருந்தேன். அந்த ஊரில் தாகத்தோடு நின்ற சனங்களுக்கு நான் நல்லது செய்தேனா, கெடுதல் செய்தேனா? நாற்பது வருஷத்துக்கு மேல் இது என் நெஞ்சில் கிடந்தது. யாரையாவது கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அது தெரியக் கூடாது என்பதற்காகத்தானே எல்லாமும்.

உங்களை முதலில் பார்த்தது நினைவிருக்கிறதா? மூன்று வருஷம் மழை இல்லாத காலம். கடல் கடந்த நாட்டிலிருந்து சங்கம் ஒன்று வந்து கோதுமை ரவையும் பால் பவுடரும் கொடுத்தது. அவர்கள் ஊரில் பெரிய சண்டை நடந்து, குழந்தைகள் பட்டினி கிடந்தபோது சில குடும்பங்கள் சேர்ந்து கம்பளியும் ரொட்டியும் திரட்டி, சண்டை போட்ட எதிரி நாட்டுக் குழந்தைகளுக்கே அனுப்பினார்களாம். அப்படித் தொடங்கியதாம் அந்தச் சங்கம். இதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நான் அப்போது சங்கத்துக் குடோனுக்கு வெள்ளையடிக்க வந்த கொத்தனார். மூலையில் இருந்த மூட்டையைப் பிரித்துக் கரைத்துச் சுவருக்குப் பூசிவிட்டேன். மத்தியானம் சுவர் முழுக்க ஈ.

நீங்கள் வந்து சுவரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "மேஸ்திரி, இது பாலுங்க. மூட்டை மேலயே எழுதியிருக்குதுங்களே?"

"அவசரத்துல பாக்கலைங்க பாய்."

நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "பரவால்லீங்க. ஊருக்கே பால் ஊத்தறோம், செவுத்துக்கும் கொஞ்சம் ஊத்துனதா இருக்கட்டும்."

அடுத்த வருஷம் சங்கம் யோசனையை மாற்றியது. வாயில் போடுகிற ரவை ஒரு நாளைக்கு, தண்ணீர் நாளெல்லாம் வேண்டும் என்று ஊர் ஊராக ஆழ்துளை போர் போட்டு அடிபம்பு நிறுத்தத் தொடங்கினார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக்கு வண்டி வந்து துளை போடும். பம்பைச் சுற்றி மேடை கட்டுவது என் வேலை. கண்ணாடிக் குழாய்ப் பெட்டியை வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது உங்கள் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த கொத்தனார்தான் வேண்டும் என்று சங்கத்தில் கண்டிப்பு. நான் அஞ்சாவது வரைக்கும் படித்ததாகச் சொன்னேன். டேப்பு பிடித்துப் பழகியதில் நம்பர் எனக்குத் தெரியும். ஈரச் சிமென்ட்டில் பம்பு நம்பரை மட்டும் கீறினால் போதும் என்பதால் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை, தண்ணீர் இல்லாமல் கைவிட்ட போர் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தோம். உச்சி வெயில். ஒரு காகம்கூட இல்லை. குழாயிலிருந்து யாரோ பெருமூச்சு விடுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. என் கையில் இருந்த சோறு கீழே விழுந்துவிட்டது. நீங்கள் எழுந்து போய் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"பூமிக்கும் மூச்சு உண்டு மேஸ்திரி. காலையில இழுக்கும், மத்தியானம் விடும். பேய் இல்லைங்க, காத்து." திரும்பி வந்து உட்கார்ந்து, பீடியைப் பற்றவைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "பேயா இருந்தாலும் காத்துதானுங்களே."

அந்தக் கோடையில் கடல் கடந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சில ஊர்த் தண்ணீரைக் குடித்தால் பல் கறுத்து எலும்பு வளைந்துவிடும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து புதுச் சட்டம். நம்பரோடு எழுத்தும் எழுத வேண்டும். நல்ல பம்பில் 'நல்ல தண்ணீர்' என்று. கெட்ட பம்பில் 'குடிக்க வேண்டாம், மாட்டுக்கும் துணிக்கும் மட்டும்' என்று. முதல் நாள் இரண்டு மேடை. காலையில் கருங்காட்டுப்புதூர், சாயங்காலம் பக்கத்தில் பனங்காடு. உங்களுக்கு அடுத்த பம்புகளுக்கான சாமான் வாங்கச் சங்ககிரி போக வேண்டியிருந்தது. இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்து, எது எந்த ஊருக்கு என்று மட்டும் சொன்னீர்கள். எந்த ஊர்த் தண்ணீர் நல்லது என்பது சீட்டிலேயே இருந்தது.

"படிச்சுட்டீங்களா?"

"ஆச்சுங்க பாய்."

புதூருக்கானது வலது பையில், பனங்காட்டுக்கானது இடது பையில். வேலை தொடங்கும்போது சட்டையைக் கழற்றி வேப்ப மரத்தில் மாட்டினேன். காற்றில் விழுந்து, ஒரு ஆடு அதை மிதித்து, சீட்டு இரண்டும் மண்ணில் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். ஒன்று சின்னது, ஒன்று நீளம். சுற்றிலும் குடத்தோடு பெண்கள். "எழுத்தெல்லாம் எழுதற மேஸ்திரி" என்று என்னைக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். யாரிடம் கேட்பது? கொத்தன் புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். புதூர் போர் ஆழம் அதிகம், பனங்காட்டுப் போர் ஆழம் குறைவு. ஆழமான போருக்குத்தானே நீளமான எழுத்து இருக்கும்? நீளச் சீட்டைப் புதூரிலும் சின்னச் சீட்டைப் பனங்காட்டிலும் பார்த்துப் பார்த்துக் கீறினேன். கோலம் போடுவது மாதிரி, ஒரு சுழி தப்பாமல். அத்தனை அழகாக நான் அதற்குப் பிறகு எழுதியதே இல்லை.

மறுநாள் நீங்கள் வந்து என் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தனியாக ஜீப்பில் போனீர்கள். "வேற ஒரு வேலை இருக்குங்க" என்றீர்கள். பொழுது சாயும்போது திரும்பினீர்கள். முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு பம்புக் கைப்பிடி கிடந்தது. நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை. "உளி முனை உடைஞ்சிருச்சு மேஸ்திரி" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அடுத்த வாரம் புது உளி வாங்கித் தந்தீர்கள். கூடவே தகரத்தில் எழுத்து வெட்டிய இரண்டு அச்சு. ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு. நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு. "வேலை சீக்கிரம் முடியுமேன்னு செஞ்சேனுங்க." சங்கத்து ஆட்கள் எல்லாரும் அந்த அச்சைக் கேட்டு வாங்கிப் போனார்கள். உங்களை மட்டும் ஒரு வருஷம் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நானே கேட்டு வாங்கினேன் என்றீர்கள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அப்புறம் சங்கம் கக்கூஸ் கட்டியது, நெசவுக்காரப் பெண்களுக்குக் குழு சேர்த்துக் கொடுத்தது. பிறகு வேறு எங்கோ பஞ்சம், வேறு எங்கோ சண்டை என்று சேலத்து ஆபீசை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். நீங்கள் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கடை வைத்தீர்கள். மாதம் ஒரு தடவை நான் வருவேன். எந்தக் காகிதம் என் கைக்கு வந்தாலும், கல்யாணப் பத்திரிகையோ கரண்டு பில்லோ, தலை நிமிராமல் கேட்பீர்கள், "படிச்சுட்டீங்களா?" கடைசியில் படுக்கையில் கிடந்தபோதும், மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்து அதே கேள்வி. "ஆச்சுங்க பாய்." உங்கள் குழியில் மூன்று கைப்பிடி மண் போட்டேன். ஒவ்வொரு கைப்பிடிக்கும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

நேற்று முன்தினம் கருங்காட்டுப்புதூருக்குப் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இரண்டு மைல் நடை. போய்ச் சேரும்போது உச்சி வெயில். முப்பது வீடு இருந்த இடத்தில் நாலைந்துதான் கூரையோடு நிற்கிறது. மற்றவர்கள் கோழிப் பண்ணைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்களாம். நாய்கூடக் குரைக்கவில்லை. என் நிழல் என் காலடியில் சுருண்டு கிடந்தது. மேடை அப்படியே இருந்தது. பம்பின் தலையைக் கழற்றி எப்போதோ விற்றுவிட்டார்கள். வெறும் குழாய் மட்டும். அதன் கழுத்தில் சிவப்புத் துணி. அடியில் காய்ந்த எலுமிச்சம் பழங்கள், ஒரு கட்டு பீடி.

குழாயிலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. நீளமாக, ஓய்ந்துபோன ஆள் விடுவது மாதிரி. துணி மெல்ல வெளியே புடைத்தது. காற்று என்று தெரியும். தெரிந்தும் ஒரு எட்டுத் தள்ளியே நின்றேன்.

"கிட்டப் போவாதீங்க சாமி!"

ஆடு மேய்க்கும் ஒரு பெண்மணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பாவாயி என்று பெயர். பனங்காட்டிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

"ஏனுங்க, என்ன இருக்குது உள்ள?"

"மேஸ்திரிங்க."

"எந்த மேஸ்திரி?"

"இந்த மேடை கட்டுனவனுங்க. குழிக்குள்ள உளுந்து செத்துப்போயிட்டான். உச்சிக்கு உச்சி மூச்சு வுடுவான். தண்ணி வத்துனதுக்கு அப்புறம் இருவது வருசமா நாங்க கேக்கறோமுங்க. அமாவாசைக்குப் பீடி வெக்கறது. ஒருத்தர் கேள்வி கேட்டு எழுதி வெச்சிருக்காரு, அதுக்கு அவன் பதில் சொல்லோணும். சொன்னாத்தான் அவனுக்கு விமோசனம்."

நான் எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன் பாய். என் சாவைப் பற்றி ஒருவர் எனக்கே சொல்லி, என் படையலை நானே பார்த்தது இதுதான் முதல் தடவை.

மேடையின் ஓரத்தில் குந்தினேன். துண்டால் மண்ணைத் துடைத்தேன். முதலில் என் எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கு, டி, க்... 'குடிக்க வேண்டாம்.' சரியாக எழுதினேனா என்று அதை வைத்து மட்டும் தெரியவில்லை. இன்னும் கீழே துடைத்தேன்.

அதன் கீழே கோணல்மாணலாக வேறு எழுத்து. கீறியது இல்லை, காய்ந்த பிறகு கொத்தியது. 'மேலே உள்ள தவறு என்னுடையது. தண்ணீர் நல்லது. குடியுங்கள்.' அடியில் உங்கள் பெயர். அப்படியானால் நான் பயந்தது நிஜம். நல்ல தண்ணீரின் மேல் விஷம் என்று எழுதிவிட்டு, விஷத் தண்ணீரின் மேல் நல்லது என்று எழுதியிருக்கிறேன்.

"அது ஒரு பாயி கொத்துனதுங்க" என்றார் பாவாயி. "நான் புதுப் பொண்ணு அப்ப. எழுதுனதைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படிச்சுச் சொன்னதுல ஒருத்தரும் பம்பைத் தொடலை. ராத்திரி சங்ககிரியிலருந்து திரும்பறப்பவே பாயி எழுத்தைப் பாத்துட்டாராமுங்க, மறுநா ஜீப்புல வந்தாரு. வெயில்ல குந்தி, பீடி மேல பீடி குடிச்சுக்கிட்டு, நாளெல்லாம் கொத்துனாரு. முடிச்சுப்போட்டு மொதச் சொம்பு அவரே குடிச்சாருங்க, எல்லாரும் பாக்கற மாதிரி. அப்புறந்தான் நாங்க குடிச்சோம். இருவது வருசத்துக்கு மேல அந்தத் தண்ணிதான்."

"பனங்காட்டுல?" என்று கேட்டேன்.

"அங்க எங்கம்மா ஊடு. அங்க ஒருத்தரும் வாய் வெக்கலீங்க. வெடியக்காலம் சனம் குடத்தோட வரதுக்கு முந்தியே பாயி கைப்பிடியக் கழட்டிட்டுப் போயிட்டாரு. மேடையை ஒடச்சு, குடிக்க வேண்டாம்னு மாத்தி எழுதுன அப்புறந்தான் மாட்டுனாங்க."

நான் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன். நல்ல வேளை, வியர்வை என்று அவர் நினைத்திருப்பார்.

"இந்தப் பக்கம் பாருங்க" என்றார். "மேஸ்திரியக் கேட்ட கேள்வி."

தண்ணீர் வழிந்து ஓடுகிற வாய்க்காலின் உள்விளிம்பில், கொத்தனார் பூசுவதற்காகக் குந்துகிற பக்கமாகப் பார்த்து, சின்ன எழுத்து.

'மேஸ்திரி, படிச்சுட்டீங்களா?'

குழாய் இன்னொரு மூச்சு விட்டது. துணி என் கன்னத்தைத் தொட்டது. அந்த வரியை நான் படித்தேன் என்று சொல்ல மாட்டேன் பாய். அது உங்கள் குரலில் கேட்டது. கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, தலை நிமிராமல். கேள்விக்குறியின் அடிப்புள்ளியில் துருப்பிடித்த இரும்புத் துண்டு ஒன்று பதிந்திருந்தது. என் உளியின் முனை.

அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பால் பூசிய சுவரிலிருந்தே தெரிந்திருக்கலாம். நேராகக் கேட்டிருந்தால் நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன், இல்லை, வேலையை விட்டே ஓடியிருப்பேன். அதனால் படிக்கத் தெரிந்தால் மட்டுமே என் காதில் விழக்கூடிய இடத்தில் கேட்டு வைத்துவிட்டு, என் தப்பின் கீழே உங்கள் பெயரைப் போட்டுவிட்டு, குடோனில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் மாதா மாதம் வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

"நீங்க யாருங்க?" என்றார் பாவாயி. நான் அங்கேயே வெகுநேரம் குந்தியிருந்ததில் அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"நான்தானுங்க அந்த மேஸ்திரி."

இரண்டு எட்டுப் பின்னால் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் தரையில் படுகிறதா என்று பார்த்தார். நான் செருப்பைக் கழற்றி நன்றாக மண்ணில் ஊன்றிக் காட்டினேன்.

"நிழல் இருக்குதுங்களா?" என்றார் சந்தேகமாக.

"உச்சிப் பொழுதுல ஆருக்குங்க நிழல் இருக்கும்? நாளைக்குக் காலையில வாரேன், அப்ப பாத்துக்கோங்க."

நேற்றுக் காலை ஒரு பையில் கொஞ்சம் சிமென்ட்டும் மணலும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். பாவாயி காத்திருந்தார். முதலில் என் நிழலைப் பார்த்தார், பிறகுதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அது விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர். சுற்றிலும் ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டு உறிஞ்சியாகிவிட்டது. உங்கள் பம்புக்கு எங்கிருந்து வரும்? உங்கள் கேள்விக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பூசி, இழைத்து, குச்சி இல்லாமல் விரலாலேயே எழுதினேன். சீட்டுப் பார்க்கவில்லை. அச்சு வைக்கவில்லை.

'படிச்சுட்டேன் பாய்.'

எழுதி முடித்து நிமிர்ந்தபோது குழாயில் சத்தம் மாறியிருந்தது. காலை நேரம் அல்லவா, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சிவப்புத் துணி குழாய் வாய்க்குள் மெல்ல மெல்லப் போனது, கேட்பதற்காக யாரோ மூச்சை அடக்குவது மாதிரி. பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமேலு மூச்சு நின்னு போயிருங்களா?"

"நிக்காதுங்க. அது காத்து."

"அப்ப பீடி வெக்க வேண்டாமுங்களா?"

நான் யோசித்தேன். நான் பீடி குடிப்பதில்லை. அவர்கள் இத்தனை வருஷமாக யாருக்கு வைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வெய்யுங்க" என்றேன். "அவருக்குப் புடிக்கும்."

முனை உடைந்த உளி இப்போது இந்தத் தாளின் மேல் இருக்கிறது, ஃபேன் காற்றில் பறக்காமல். அதன் முனை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது ராசிபுரத்தில் சேலம் பஸ் ஏறி, இருவர் உட்காரும் சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு மேலே ஏதோ எழுதியிருந்தது. கை, தலை, வெளியே, நீட்டாதீர்கள். கடைசி எழுத்தைக் கூட்டி முடித்ததும் காதோரம் அந்தக் கேள்வி வந்தது. எப்போதும் கேட்கிற மாதிரி, மெதுவாக. "ஆச்சுங்க பாய்" என்று நானும் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆருகிட்டப் பேசறீங்க பெரியவரே? பக்கத்துல ஆருமே இல்லையே?"

நான் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தேன். உங்களுக்கும் இடம் வேண்டுமே.